நாளைய வீட்டுக்குள் வந்த அடுப்பு

1. திறக்காத கதவு

திறப்பு விழாவன்று மந்திரியும் அவர் மனைவியும் உள்ளே போன கையோடு கரண்ட் போனது. தானாகத் திறக்கும் கதவு தானாக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மந்திரி, வெளியே பேண்டு வாத்தியம், நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு நான். ஜெனரேட்டரை ஓட்டிக் கதவைத் திறப்பதற்குள் என் மேலதிகாரியான பிரெஞ்சுக்காரர் வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்துபோய் நின்றார். அவரை நாங்கள் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால் ஜெனரேட்டரை ஓடவிட வேண்டும் என்பது அன்று படித்த பாடம். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று பின்னால் வந்தது.

இது வியட்நாமில், சைகோனில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில். என் ஊர் காரைக்கால். அப்பா பிரெஞ்சு ஆட்சியில் அங்கே குமாஸ்தாவாக வந்தவர். நான் மின்சாரக் கம்பெனியில் ஒயரிங் கற்றவன். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியதும் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நகர நடுவே ஒரு மைதானத்தில் ‘நாளைய வீடு’ என்று ஒரு மாதிரி வீட்டைக் கட்டிக் கண்காட்சி நடத்த ஆள் தேடியது. பெயர் கேட்டார்கள், தொம்மினிக் என்றேன், மறுநாளே வரச் சொன்னார்கள்.

வாசல் மிதியடியில் கால் வைத்தால் கதவு திறக்கும். பொத்தானை அழுத்தினால் திரைச்சீலை விலகும். சமையலறையில் நெருப்பே இல்லாமல் தட்டு சூடாகும். புகை பட்டால் அலாரம் அடிக்கும். வாசலில் பேசுவது உள்ளே கேட்கும். இன்று போனைத் தட்டி விளக்கேற்றும் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். நாங்கள் ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்சும் மோட்டாரும் வைத்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்தோம். பார்க்கிறவர்களுக்குத்தான் மாயம். எனக்குச் சமையலறைச் சுவருக்குப் பின்னால் எல்லா ஒயரும் வந்து சேருகிற, புழுங்குகிற ஒரு பேனல் ரூம்.

2. சுவருக்குப் பின்னால் கேட்டவை

பேனல் ரூமில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. வாசலிலும் கூடத்திலும் யார் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும். விளக்கம் சொல்ல லான் என்ற வியட்நாமியப் பெண்ணை வைத்திருந்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்ததைச் சொல்வாள், கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூட்டம் வாயைப் பிளக்கவில்லை. கேள்வி கேட்டது.

பதுங்குகுழி எங்கே என்று கேட்டார்கள். அநேகமாக எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். இவ்வளவு கண்ணாடி வைத்திருக்கிறீர்களே, குண்டு விழுந்தால் யார் மேல் சிதறும் என்று ஒரு பெண் கேட்டாள். கரண்ட் எந்தப் பக்கத்து ஆட்கள் கையில் இருக்கிறது என்று ஒரு கிழவர் விசாரித்தார். லான் மனப்பாடம் செய்த அடுத்த வரிக்குப் போனாள்.

கதவைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தார்கள். யார் மிதித்தாலும் திறக்குமா என்று ஒருவர் கேட்டார். திறக்கும் என்று லான் பெருமையாகச் சொன்னாள்.

“ராத்திரி துப்பாக்கியோட வர்றவன் மிதிச்சாலுமா?”

லான் சிரித்து மழுப்பினாள். நான் பேனல் முன்னால் உட்கார்ந்து, அந்த ஊரில் கதவு எதற்கு இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு கதவைச் செய்து அனுப்பியிருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாலையில் முசே வந்து மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார். கேட்டதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, அவ்வளவுதான் என்றார். அவருடைய வீட்டுக்கு மதில் மேல் முள்கம்பி போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

வாசல் கேட்டில் டிக்கெட் பார்த்தவர் காசிம் பாய், நாகூர்க்காரர். ஜவுளிக்கடை நடத்தி, கடை நொடித்துப்போய், அந்த வயதில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். “தம்பி, இந்த வூட்டப் பாத்துட்டு வெளிய வர்ற ஆளு ஒருத்தன் மூஞ்சியிலயும் வெளிச்சத்தக் காணோமே” என்பார். ஒருத்தர் முகத்தில் வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

3. குச்சிப் பக்கத்து பஸ்

கூட்டம் குறைந்ததும் ஓர் அதிகாரிக்கு யோசனை பிறந்தது. சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கம் சண்டையில் வீடு எரிந்து வந்தவர்களை நகர எல்லையில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவந்து வீட்டைக் காட்டுவது, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படம் எடுப்பது. முசேவுக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது.

பஸ் வந்து ஆட்கள் இறங்கியதும் காசிம் பாய் ஸ்பீக்கரில் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு பொம்பள மூட்டமுடிச்சோட வந்து நிக்கிறா. கையில நெருப்புச் சட்டி. என்னான்னு கேட்டா சிரிக்கிறா. கொஞ்சம் வந்து பாரு.”

போனேன். ஐம்பது வயது இருக்கும். கையில் மண் அடுப்பு, சாம்பல் மூடிய கங்கு. பின்னால் கைக்குழந்தையோடு மருமகள். அவள் கையில் துணி சுற்றிய ஊதுபத்திக் கிண்ணம், செத்துப்போன மாமனாருக்குக் கும்பிடுகிற கிண்ணம். பாய், பானை, உப்பு, அரிசி எல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தில் பிறந்த வரிசையை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அவரை எல்லாரும் து அக்கா, அதாவது நாலாவது அக்கா, என்றார்கள்.

அடுப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் புதுவீட்டில் முதலில் பால் காய்ச்சுகிற மாதிரி, அவர்கள் முதலில் எரிகிற அடுப்பை வீட்டுக்குள் எடுத்துப் போவார்கள். அந்த அம்மாள் வீடு பார்க்க வரவில்லை. குடி வந்திருந்தார்.

முகாமில் அந்த அதிகாரி பேசியிருக்கிறார்: இனி உங்கள் வாழ்க்கை இப்படிப்பட்ட வீட்டில்தான், வந்து பாருங்கள். மற்றவர்கள் முகாமில் பழைய ஆட்கள். இந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டவர்கள். ஓசி பஸ் என்று வந்தார்கள். து அக்கா புதிதாக வந்தவர். சொன்னதை நம்பிவிட்டார். முகாமில் தனக்குக் கொடுத்திருந்த இடத்தை, வெளியில் படுத்துக் கிடந்த ஒரு குடும்பத்துக்கு அன்று காலையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி படக்காரர்களை முன்னால் விட்டு, உள்ளே போங்கள், போங்கள் என்று தள்ளினார். து அக்கா மிதியடியில் கால் வைத்தார். கதவு திறந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். படக்காரர்கள் கிளிக்கினார்கள்.

நேரே சமையலறைக்குப் போய், நெருப்பில்லாத அடுப்புக்குப் பக்கத்தில் தன் அடுப்பைத் தரையில் வைத்து ஊதினார். அதில் ஊதுபத்தி கொளுத்திக் கிண்ணத்தில் நட்டார். நான் பேனல் ரூமுக்கு ஓடினேன். அதற்குள் புகை மேலே போய் அலாரம் அலறிவிட்டது.

அந்தச் சத்தம் அவர்களுக்குப் புதிதில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் மறு பேச்சில்லாமல் தரையில் விழுந்து தலையை மூடிக்கொண்டார்கள். மருமகள் குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். நான் பியூஸைப் பிடுங்கினேன். சத்தம் நின்றபிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பட்டுத் திரைச்சீலைக்கும் பளபளக்கிற தரைக்கும் நடுவில் அப்படியே கிடந்தார்கள்.

4. யாரும் படுக்காத வீடு

இது குடியிருக்கிற வீடில்லை என்று லானிடம் சொல்லச் சொன்னார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். முசே என்னைப் பார்த்தார். நான் து அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பேசியது அவர்கள் மொழியில். நம் பேச்சில் எழுதுகிறேன்.

“அக்கா, இது உங்களுக்குக் குடுத்த வீடு இல்ல.”

“அப்ப யாரு வீடு?”

“யாரு வீடும் இல்ல. சும்மா காட்டுறதுக்குக் கட்டினது.”

அவர் நம்பவில்லை. சுற்றிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

“ராத்திரி இங்க யாரு படுப்பா?”

“யாரும் படுக்க மாட்டாங்க.”

“அப்ப நாங்க ராத்திரி படுத்துட்டுக் காலையில போயிடுறோமே, தம்பி. எதையும் தொட மாட்டோம்.”

முசேவிடம் கேட்டேன். பேனல் ரூமிலாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவரில்லை, முகம் சிவந்துபோயிற்று. பொருளெல்லாம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது, தன் கையில் எதுவும் இல்லை என்றார். அதிகாரி பஸ் காத்திருக்கிறது என்றார். காசிம் பாய், தன் அறைக்குக் கூட்டிப்போகிறேன் என்று முன்னால் வந்தார். முகாம் ஆட்களை நகரத்துக்குள் இறக்கிவிட அனுமதியில்லை என்று அதையும் தடுத்துவிட்டார் அதிகாரி.

து அக்கா ஊதுபத்திக் கிண்ணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அடுப்பைத் தொடவில்லை. குடிபோன வீட்டிலிருந்து நெருப்பை வெளியே தூக்கக்கூடாது என்றார்.

அந்தக் கதவை, மிதியடியில் ஆள் நிற்கும்வரை மூடாதபடி செய்திருந்தோம். யாரையும் இடித்துவிடக்கூடாது என்பதற்காக. அவர் வெளியே போகும்போது மிதியடியின் மேல் நின்றுவிட்டார். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்றவரை கதவு திறந்தே இருந்தது. அப்புறம் குழந்தை அழுதது, மருமகள் கூப்பிட்டாள், அவர் இறங்கினார். நான் மாட்டிய கதவு ஒரு சத்தமும் இல்லாமல் மூடிக்கொண்டது.

மறுநாள் பத்திரிகையில் அவர் படம் பெரிதாக வந்தது, கதவு திறந்த நேரத்துச் சிரிப்பு. நாளைய வீட்டைக் கண்டு பூரிக்கும் கிராமத்துப் பெண் என்று கீழே போட்டிருந்தார்கள். முசே அதை வெட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நானும் காசிம் பாயும் முகாமுக்குப் போனோம். து அக்கா விட்டுக்கொடுத்த இடத்தில் அந்தக் குடும்பம் இருந்தது. அவரும் மருமகளும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு முறை போனேன். கிடைக்கவில்லை.

கண்காட்சி முடியும்வரை அந்த அடுப்பு என் பேனல் ரூமில் இருந்தது. அதிலிருந்த கங்கு எப்போதோ அணைந்துபோயிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இந்தத் தொழிலில் என்ன கற்றேன் என்று இன்றைய பிள்ளைகள் நீங்கள் கேட்கிறீர்கள். ரிலேயைப் பற்றி நான் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வீடில்லாதவர்களுக்கு வீட்டைக் காட்டாதீர்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் கதவைத் திறந்து காட்டாமலாவது இருங்கள்.