தலைவர் பேசித் தீர்த்த ஆய்வுரை

இப்போதெல்லாம் ஆய்வுக் கூட்டங்களில் தலைவருக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம், திருகோணமலை மண்டபமொன்றில் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு கணித மாஸ்டரின் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு முட்டும். எழுபதுகளில் நானும் என் நண்பனும் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர்கள். கணிதமும் பௌதிகமும் ஒரே துறையாக இருந்த காலம்; அவன் பௌதிகம். வருடத்துக்கு ஒருமுறை துறையின் ஆய்வுரையை வெளியூரில் வைப்பது வழக்கம். அந்த வருடம் திருகோணமலைதான் என்று நண்பன் ஒற்றைக்காலில் நின்றான். துறைமுகத்துக்குள் கடல்நீர் ஏறி இறங்குவதைப் பற்றிய ஆராய்ச்சியை அந்த ஊரிலேதான் பேசவேண்டும் என்று காரணம் சொன்னான். உண்மைக் காரணம் அந்த ஊரின் பாலையூற்றுப் பகுதியில் இருந்தது.

எங்களோடு படித்துவிட்டு ஊரில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருத்தியை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அப்படியே. ஆனால் அவளுடைய தகப்பனார், ஓய்வுபெற்ற கணித மாஸ்டர், கலியாணம் பேசப் போன தரகரை, மகளை ஒரு வார்த்தை கேளாமலே வாசலோடு அனுப்பிவிட்டார். "பௌதிகக்காரர் கணக்கைக் கிட்டத்தட்டச் செய்துபோட்டு விடுற ஆக்கள். என்ர பிள்ளையைக் கிட்டத்தட்டக் குடுக்க ஏலாது" என்றாராம். அவரையே கூட்டத்துக்குத் தலைவராக்கி, தன் கணக்கைக் காட்டி மனத்தை மாற்றுவது நண்பனின் திட்டம். தலைமையுரைக்கு உதவட்டும் என்று கட்டுரையின் பிரதியையும் மரியாதையாக முன்கூட்டியே கொடுத்தான். எங்கள் பக்கத்துத் தலைவர்களை அறிந்த எவனும் அதைச் செய்யமாட்டான்.

"ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டு இருந்திடுறன்" என்று எழுந்த மாஸ்டர் முழுக் கட்டுரையையும் பேசினார். கரும்பலகையில் சமன்பாடுகளை முத்துமுத்தாக எழுதினார். சபை கைதட்டியது. நண்பனோ பேயறைந்தவன் மாதிரி இருந்தான். பேச்சு பறிபோன கவலையாக்கும் என்று நினைத்தேன். பேச்சு போனால் போகட்டும், கட்டுரையில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறி வந்துவிட்டது என்று காதுக்குள் சொன்னான். சற்று முன்தான் மண்டப வாசலில் தெரியவந்ததாம். அந்தக் கணக்கின்படி கடல் பெருகும் நேரத்தில் துறைமுகம் வற்றும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் கிடைக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. எழுந்துபோய்க் குறியை அழித்து மாற்றி எழுதினான். "பிழை என்ர, மாஸ்டர். நீங்கள் கட்டுரையில இருந்ததைத்தான் சொன்னனீங்கள்" என்றான். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையை மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் சரிபார்த்தார்.

"இப்பதான் சரி. எப்ப கண்டுபிடிச்சனீர்?"

"நான் கண்டுபிடிக்கேல்லை, மாஸ்டர். உங்கட மகள்தான். வாசலில வைச்சுச் சொன்னவ."

மாஸ்டர் பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார். "பிள்ளை, ஒரு கிழமையாய் ஒவ்வொரு நாளும் இதை வீட்டில சத்தமாய் வாசிச்சனான். எனக்கேன் சொல்லேல்லை?"

அவள் எழுந்து நின்றாள். "நீங்கள் என்னை ஒண்டும் கேக்கேல்லையே, அப்பா."

கைதட்டத் தொடங்கிய இரண்டொருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். முடிவுரை சொல்லாமல் எந்த மேடையையும் விட்டு இறங்காத மாஸ்டர், நன்றியுரை சொல்லவேண்டிய என்னைப் பார்த்தார்.

"சுருக்கமாய்ச் சொல்லி முடிச்சுவிடும், தம்பி. எனக்கு வீட்டை போய் ஒரு கேள்வி கேக்கக் கிடக்கு."