சாம்பல் கிண்ணத்துக்குள் ஏசி சுவிட்ச்

அவரை எல்லோரும் ஒரிஜினல் என்றுதான் கூப்பிடுவார்கள். லேத் பட்டறைக்காரர். பழைய இரும்புக் கடையில் எலி குடியிருந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இழுத்து வந்து, பட்டறைக்குப் பின்னாலேயே நிறுத்தி, வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து ஓட வைத்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. அதில் ஒரு திருகாணி மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது. பழைய கார்க்காரர்கள் மைதானத்தில் கூடும்போது, அடுத்தவர் வண்டியின் ஒயர் நிறம் தப்பு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் காருக்குள் சூடு தாங்காது. என்ஜினுக்கும் காலுக்கும் நடுவே ஒற்றைத் தகடு. அவர் மனைவி ஆரம்பத்தில் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு ஏசி வெச்சுடலாமே?"

"வெச்சா வண்டி கெட்டுப்போயிடும்."

"வைக்கலைன்னா நான் கெட்டுப்போயிடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். பிறகும் கேட்டாள். பிறகும் அதே பதில். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினாள். உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர் முதலில் வந்து இறங்குவார், அவள் பின்னால் வருவாள். "உங்க பெண்டாட்டி பார்சல்ல வர்றாங்களா?" என்று மைத்துனர் கேட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது நெஞ்சில் ஆபரேஷன் நடந்த பிறகுதான். வெயில் ஆகாது, தனியாக ஓட்டவும் கூடாது என்றார் டாக்டர். ஒரிஜினல் ஒரு மாதம் காரைப் போர்த்தி வைத்துப் பார்த்தார். முடியவில்லை. ஏசி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்பது நிபந்தனை. என்ஜினில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளுக்குப் பொருந்தும்படி, கம்ப்ரசரைத் தாங்கும் இரும்பை ஒரிஜினலே தன் லேத்தில் கடைந்தார். குளிர்ப்பெட்டி சீட்டுக்குப் பின்னால், தரைவிரிப்புக்கு அடியில். சுவிட்ச், சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணத்துக்குள்.

"திருட்டு நகையா சார் இது, இப்படி ஒளிக்கிறீங்க?" என்றார் மெக்கானிக்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. 'அன்னைக்கே வெச்சிருக்கணும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட நினைப்பார். நாக்கு வரை வந்து திரும்பிப் போய்விடும்.

பழைய கார்க்காரர்களின் அடுத்த கூட்டத்துக்கு அவளும் உடன் வந்தாள். தனியாக ஓட்டக்கூடாதே. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த இடது சீட்டில் அவள். முகத்தில் குளிர்காற்று பட்டதும் ஒரு கணம் கண்ணை மூடினாள். அவர் ரோட்டைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் ஒளித்த மனிதர் ஒன்றை மறந்திருந்தார். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்க, அவர் காருக்கு அடியில், நட்டநடுவில், மண் நனைந்துகொண்டிருந்தது.

சங்கச் செயலாளரான பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "என்ன ஒரிஜினல், உங்க வண்டி குழந்தை மாதிரி நனைக்குது?"

"ரேடியேட்டரா இருக்கும்."

"ரேடியேட்டர் முன்னால இல்ல இருக்கு?" டாக்டர் ஒரு சொட்டை விரலில் ஏந்தினார். "சில்லுனு வேற இருக்கு. யோவ், ஏசியா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒயர் நிறத்துக்காக அவரிடம் பேச்சு வாங்கியவரும் அதில் இருந்தார். ஒரிஜினலுக்குக் காது சுட்டது.

"நான் எங்க வெச்சேன்? எல்லாம் வீட்டுக்காரி தொல்லை. பொம்பளைங்களுக்கு வெயில் தாங்காதுல்ல. நச்சரிச்சு வெக்க வெச்சுட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினார். அவள் இரண்டடி தள்ளி, பல் டாக்டரின் மனைவியோடு நின்றிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள் அவள், எல்லோரையும் பார்த்து. "நான்தான் கேட்டேன்."

திரும்பும்போது அவர் ஏசியைப் போடவில்லை. கை போகவில்லை. வியர்வை கழுத்தில் இறங்கியது.

"போடுங்க. ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" அவளே கிண்ணத்தைத் திறந்து சுவிட்சைத் திருகினாள்.

அவர் வண்டியை மைதானத்துக்கே திருப்பினார். அங்கே எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இறங்காமலே கண்ணாடி வழியாகச் சொன்னார்: "அவ கேட்டப்பெல்லாம் நான் வெக்கல. எனக்கு முடியலன்னதும் வெச்சுக்கிட்டேன். அவளுக்காக இல்ல, எனக்காகத்தான்."

 பல் டாக்டர் டீக் கப்பைக் கீழே வைத்தார். "சரிங்க, அதுக்கென்ன இப்போ? எங்களுக்குந்தான் வயசாகுது. அந்த மெக்கானிக் நம்பரைக் குடுங்க."

ஒயர்காரர் தலையாட்டினார். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. மானம் கப்பலேறும் என்று பயந்த இடத்தில் நம்பர் கேட்கிறார்கள்.

மறுபடி ரோட்டுக்கு வந்த பிறகு ஏதோ இறக்கி வைத்த நிம்மதியோடு அவளைப் பார்த்தார். "சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு." அவள் முன்னால் போன லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்ககிட்ட எதுக்குங்க சொன்னீங்க? அவங்களா சூட்டுல உக்காந்தாங்க?"

  லாரி வளைவில் மெதுவாகத் திரும்பியது. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே வெச்சிருக்கணும்," என்றார்.