கள்ளி மலையில் தபால் வேலை

போன கிழமை ரொறன்ரோவில், டோர்செட் பார்க் பக்கம் பல் டொக்டரிடம் போயிருந்தேன். வரவேற்பு மேசையில் ஒரு சின்னச் சாடிக்குள் கள்ளிச்செடி, அதுவும் பிளாஸ்டிக்கில். கண்டதும் கதிரையை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டேன். பக்கத்திலிருந்த பெண்மணி ஒரு மாதிரிப் பார்த்தார். பிளாஸ்டிக் என்று எனக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியவேண்டுமே.

கள்ளி என்றால் எனக்குத் தில்லையம்பலம் அண்ணையின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும். மன்னிக்கவேண்டும், மிகவும் மரியாதையான மனிதர். மிசிசாகாவில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. பத்து வருடம் ஒரே காரில் போய்வந்தோம். அவருடைய ஒரே மகள் மதுரா அரிசோனாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பொடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அண்ணைக்குப் பொடியனில் குறையில்லை. மண்டபம் இல்லாததுதான் குறை. ரொறன்ரோவில் ஒரு கலியாணம் விடாமல் போய்ச் சாப்பிட்டு வந்தவர். திருப்பிச் சாப்பாடு போடக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை மகள் ஒரு கையெழுத்தோடு முடித்துவிட்டாள். இரண்டு வருடம் கதை பேச்சில்லை.

அவருடைய மனைவி தவமக்காவுக்கு முழங்கால் வருத்தம். "தம்பி, நீர் ஒருக்கா அவரோடை அரிசோனாவுக்குப் போட்டு வாரும். ரெண்டு பேரையும் கதைக்க வையும்" என்று என்னிடம் கெஞ்சினார். மதுரா சனிக்கிழமைகளில் மலை ஏறுவாள். வந்தால் சேர்ந்து ஏறலாம் என்று தாயிடம் சொல்லியிருந்தாள். ஏறுகிறேன் என்று அண்ணையும் தாய் மூலமாகவே பதில் அனுப்பியிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. மலையைத் தேடிப் போனால் கடல்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட நாங்கள் இருவரும் ஜனவரிப் பனிக்குள்ளிருந்து கிளம்பிப் பாலைவனத்தில் போய் இறங்கினோம். அண்ணை கலியாண வீட்டுச் சப்பாத்தோடு, கையில் புளிச்சோற்றுப் பார்சலோடு மலையடிவாரத்தில் நின்றார்.

மகள் முன்னே, நான் நடுவே, அண்ணை பின்னே. இரண்டு பக்கமும் பனை உயரக் கள்ளிகள். "தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ அங்கிள்" என்பாள் மதுரா. மூன்றடி பின்னால் வரும் அண்ணைக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரும்பி முறைப்படி அறிவிக்கும்வரை அவருக்குத் தாகம் எடுக்காது. "என்னட்டை இருக்கெண்டு அவளிட்டைச் சொல்லும்" என்பார். அதையும் சொல்வேன். பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கியது ஏறியதால் மட்டுமல்ல.

உச்சிக்குக் கிட்ட, ஓரத்துப் பாறைகளில் குந்தவேண்டாம், கள்ளி ஒட்டும் என்று மதுராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்தி என் தொண்டையில் நின்றது. அண்ணை, தனக்கு இன்னும் அறிவிக்கப்படாத ஒன்றை எப்படிக் கேட்பார்? போய் ஒரு பாறையில் குந்தினார். பஞ்சு உருண்டை போல அங்கே கிடந்த கள்ளித்துண்டு அவரோடேயே எழும்பியது.

மதுரா பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தாள். மலை ஏறுகிறவர்கள் இதற்கென்றே கொண்டுபோவார்களாம். துண்டைச் சீப்பால் கிளப்பி எறிந்துவிட்டு, மிச்ச முள்ளைச் சின்னச் சாவண இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான் மரியாதைக்கு மறுபக்கம் பார்த்து நின்றேன்.

"நோகுது பிள்ளை." என்னைத் தாண்டிப் போன முதல் வசனம்.

"டோன்ட் மூவ் அப்பா. ஆடாதேங்கோ."

கொஞ்ச நேரம் முள் மட்டும் கழன்றது. பிறகு அண்ணை பாறையைப் பார்த்தபடி, "கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

"கூப்பிடத்தான் எடுத்தனான். நீங்கள் போனை அம்மாட்டைக் குடுத்திட்டியள்."

அண்ணை அடுத்த இரண்டு முள்ளுக்கும் பல்லைக் கடித்தார். கடைசியில் "ஓம்" என்றார். அவர் ஒரு பிழையை ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

உச்சியில் மூவரும் நின்றபடியே புளிச்சோறு சாப்பிட்டோம். முதல் கவளத்தை அண்ணை மகளுக்குக் கொடுத்தார். இறங்கும்போது இருவரும் கதைத்துக்கொண்டே முன்னே போனார்கள். வேலை பறிபோனவனாக நான் பின்னே தனியே வந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அண்ணை போயும் மூன்று வருடம். செத்தவீட்டில் மதுரா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்: "அங்கிள், அந்த ரெண்டு வருசமும் கார்ல அப்பா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

காரில் அவர் சொன்னதெல்லாம் வீதி நெரிசலும், கோயில் நிர்வாகச் சண்டையும், ஊரார் கலியாணப் பாயாசமும்தான். மகளின் பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை.

"ஒவ்வொரு நாளும் பிள்ளை" என்றேன்.

அவர் தந்துவிடாத செய்தியை நான் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஒருமுறைதான். அது உண்மையா என்று போய்க் கேட்டுவர இப்போது அவர் இல்லை.