குளத்தில் கரைத்த மரு

என் மனைவியின் கழுத்தில் மிளகளவு மருக்கள் கொத்தாக இருந்தன. கல்யாண வீடுகளில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஆடியில் கோயில் குளத்தில் ஒரு பொட்டலம் உப்பைப் போட்டாள். உப்பு கரைந்தால் மருவும் கரையும் என்பது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நம்பிக்கை. மற்றக் காணிக்கைகளைப் போல, போட்ட உப்பை மறுபடி எடுத்து விற்க முடியாது என்பது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது. தை பிறப்பதற்குள் மருக்கள் உதிர்ந்தன. அவை தாமாகவும் உதிரும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சித்திரையில் குளம் வற்றியது. படிகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஏங்க, கரைஞ்ச உப்பு திரும்பி வந்துக்கினு இருக்குது. மருவும் வந்துடுமா?"

நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உப்பு நீரில் கரைவது மீளும் மாற்றம். நீர் ஆவியானால் உப்பு மிஞ்சும். அதை அவளிடம் சொல்லத் துணிச்சல் இல்லை.

"அது உப்பே இல்ல, உவரு. மண்ணுல தானா பூக்கிறது."

"அப்ப ரூபிச்சுக் காட்டுங்க."

முறைப்படியே செய்தேன். படியில் சுரண்டியதை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் துணியில் வடிகட்டி, பழைய வாணலியில் சுண்டக் காய்ச்சினேன். வெள்ளைப் பொடி மிஞ்சியது. ஆய்வகமாக இருந்தால் கொஞ்சம் அமிலம், ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்; உப்பானால் தயிர்போல் வெள்ளையாகத் திரியும், விஷயம் முடிந்தது. ஓய்வு பெற்றவனிடம் இருப்பது நாக்கு மட்டுமே.

"நாக்குல வெச்சுப் பாருங்க."

விரலில் தொட்டு வாய்வரை கொண்டுபோனேன். ஊரில் எத்தனை பேருடைய கழுத்தும் முழங்கையும் அந்தக் குளத்தில் கரைந்திருக்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. விரலை வேட்டியில் துடைத்தேன்.

"இன்னாங்க, உவருன்னீங்க?"

"சூடா இருக்குது."

"ஆறட்டும். நான் இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

ஆறியது. நான் தொடவில்லை. அவள் கை கழுத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு வாணலியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பாட்டிலில் அடைத்து நீட்டினாள்.

"கொளம் குட்டையெல்லாம் வேணாம். ஆத்துல ஊத்துங்க. கடலுக்கே போயிடட்டும்."

மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் பெண்ணையாறு ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டு வந்தேன்.

"கடலுக்குப் போனா அப்பறம் வராதில்ல?"

"வராது."

அவள் நம்பிவிட்டாள். மளிகைக் கடைக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. அன்று முதல் நான்தான் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். ரத்தக் கொதிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.