இழுத்துப் பார்க்காத மூடி

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு எதையும் பூட்டினால் மட்டும் போதாது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். கதவு சரியாகப் பூட்டாத லிஃப்ட் நகரவே கூடாது என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. வீட்டிலும் பீரோ, ஜன்னல் எல்லாம் அப்படித்தான்.

"என் வாயையும் ஒரு தரம் பூட்டி இழுத்துப் பாருங்களேன்," என்பாள் மனைவி.

"அதுக்கு இன்னும் பூட்டு கண்டுபிடிக்கலடி."

ஓய்வு பெற்ற பிறகு கூடத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு டாரன்டுலா சிலந்தி. மகாராணி என்று பெயர் வைத்தார். மூடி, அவரே அறுத்துத் துளையிட்ட அக்ரிலிக் தகடு. ஓரத்தில் ஒற்றைக் கொக்கி.

பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்த மகள், வாசலிலேயே கேட்டாள்: "மூடி கெட்டிதானேப்பா?"

"உங்கப்பன் போட்ட மூடிம்மா."

ஒரு நாள் காலை தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்; குழந்தை வீறிட்டது. மூடியை வைத்துவிட்டு ஓடினார். கொக்கி மாட்டவில்லை; இழுத்தும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது மூடி விரலளவு விலகியிருந்தது. தொட்டி காலி.

உடனே சொல்லியிருக்க வேண்டும். தொட்டிமேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

"சட்டை உரிக்கிறா. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க."

தோல் மாற்றும் சிலந்தி நாள்கணக்கில் பதுங்கிக் கிடக்கும் என்று வீட்டுக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். பொய் சுலபமாகச் செல்லுபடியானது.

பிறகு துடைப்பத்தை எடுத்தார்.

"என்ன அதிசயம்! இன்னிக்கு மழை கொட்டப் போகுது," என்றாள் மனைவி.

கட்டிலடி, செருப்பு, பீரோவின் பின்புறம் எங்கும் இல்லை. தொட்டிலுக்கு நூறு தடவை போய் வந்தார். தாத்தாவுக்கு இவ்வளவு பாசமா என்று மகள் பூரித்துப் போனாள். அதைக் கேட்டதும் அவர் கூனிக் குறுகிப் போனார்.

மறுநாள் மகள் குழந்தைத் துணிக்கூடையைத் தூக்கினாள். மடிப்புக்குள் மகாராணி. அவள் கத்தவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சட்டை உரிச்சாச்சாப்பா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதை ஒரு தரம் இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது.

குழந்தை அழுததால் ஓடினேன் என்று அவர் மகளிடம் சொல்லவில்லை. பால்குடிப் பிள்ளைமேலா பழியைப் போடுவது?

புது மூடி வாங்க அவரும் மகளும் போனார்கள். கடைக்காரர் கம்பிவலை மூடியைக் காட்டினார்.

"வேணாம்," என்றார் அவர். "வலையில மகாராணி நகம் மாட்டிக்கும். உதறினா காலே போயிடும்."

"காந்த மூடி?"

"தள்ளினா திறந்துக்கும்."

கடைசியில், இரண்டு பக்கமும் கொக்கியும் நடுவில் சாவிப் பூட்டும் உள்ள தடித்த மூடி ஒன்று வந்தது.

"முன்னாடி எப்பவாவது வெளிய வந்திருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வந்திருக்கு," என்றார் அவர். "என்னாலதான்."

பூட்டோடு வந்த சாவிகள் எல்லாவற்றையும் மகள் கையில் வைத்தார்.

மகள் தன் வீட்டுக்குப் போன பிறகும் வாராவாரம் வந்து பூட்டைத் திறந்துவிடுவாள். அவர் தண்ணீர் வைப்பார், பூச்சி போடுவார், பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்லேட்டை நீட்டுவதுபோல. 'நீங்களே வச்சுக்கங்கப்பா' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் அவர் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்ததும் மகள் தொட்டியைத் திறந்து தண்ணீர் வைத்தாள். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்குப் பாப்பா வீல்னு கத்துச்சு. அதான் மூடிய அப்படியே போட்டுட்டு ஓடினாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மகள் மூடியைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள்.