மீசையால் ருசி பார்க்கும் மீன்

உடையார்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் வைரக்கண்ணு என்றொருவன் இருந்தான். முந்திரிக் கொல்லையில் களை வெட்டச் சொன்னால் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். புகையிலையைக் கசக்கி வாயில் அடக்கிக்கொண்டு ஏரிக்கரையில் தூண்டிலோடு பொழுதுக்கும் குந்தியிருந்தால் அந்த இடுப்பு வலிக்காது.

எப்போதோ திருச்சியிலிருந்து மீன் சேகரிக்க வந்த காலேஜ் வாத்தியார் ஒருவருக்கு அவன் ஜாடி தூக்கினான். கெளுத்தி வாயால் மட்டும் ருசி பார்ப்பதில்லை, மீசை, உதடு, வால்வரைக்கும் தோல், எங்கும் அதற்கு ருசி மொட்டுகள் உண்டு என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், குறைகுடம் கூத்தாடத் தொடங்கியது. மண்புழு கோத்து மீன் பிடிப்பவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

"ஒடம்பெல்லாம் நாக்கு வச்சிருக்கிற மீனுக்குப் புழுவக் குடுக்கிறீங்களே, அறிவு கெட்டவனுங்களா" என்பான்.

அந்த அறிவு கெட்டவர்கள்தான் மீனோடு வீட்டுக்குப் போனார்கள்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அவன் மனைவி பூங்காவனம் ஆண்டிமடத்து அண்ணன் வீட்டுக்கு நடந்து போய்க் கொஞ்சம் கேழ்வரகு வாங்கிவந்து திரித்து வைத்தாள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்த வாரம் அதுதான் சோறு. அவள் களையெடுக்கப் போன நேரம் பார்த்து, அவ்வளவு மாவையும் வீட்டிலிருந்த வெல்லத்தோடு பிசைந்து இரையாக எடுத்துக்கொண்டு போனான் இந்த மகாராசன்.

மதகடியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. கெளுத்திகள் வந்தன. மீசையால் இரையைத் தொட்டன, திரும்பிப் போய்விட்டன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. வயிறு நிறைந்த மீன்கள் என்று அவற்றின் மேலேயே பழியைப் போட்டு, மிச்ச மாவை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பூங்காவனம் திட்டவில்லை. திட்டிப் பயன் இருந்தால்தானே. மாவை உருட்டி அவித்துப் பிள்ளைகளுக்கு வைத்தாள். வெல்லம் போட்டது என்று ஆசையாகக் கடித்த பெரியவள் புஷ்பவல்லி முகம் சுளித்துத் துப்பினாள். சின்னவள் விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தாள். பூங்காவனம் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தாள். பிறகு அவன் கையை இழுத்து மோந்தாள்.

"போயல கசக்குன கையாலயா பெசஞ்ச?"

வைரக்கண்ணுவுக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை. முகம் மலர்ந்தது.

"பாத்தியா, மீசை பட்டதுமே அது கண்டுக்கிச்சு. நான் சொன்னப்ப ஊர்ல ஒரு பய நம்பல."

பூங்காவனம் சின்னவளின் வாயைக் கழுவி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பெரியவளின் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலேயே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவன் எதிர்வீட்டு இளையபெருமாளைக் கூப்பிட்டு நிறுத்தி, கெளுத்தியின் மீசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான்.