தேடலில் அகப்படாத மனு

ஒரு பெண்ணின் மனுவை நானே கம்ப்யூட்டருக்குள் தொலைத்தேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் ஆவணங்களைத் தேடித் தரும் மென்பொருளை நிறுவினேன். தொழிலாளர் பட்டியலோடு, அதில் இணைத்திருந்த மனுக்களையும் அது படித்து வைத்துக்கொள்ள வேண்டும். மனுக்களையும் படிக்க மூன்று நாளாகும் என்றது. மேலாளரோ மறுநாள் பார்வையிட வருகிறார். மனுக்கள் வேண்டாம் என்று குறித்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

சில வாரம் கழித்துப் போனபோது, சீவலப்பேரியிலிருந்து வந்த பெண்ணொருத்தி குமாஸ்தாவின் மேசை முன் நின்றிருந்தார். இறந்த கணவரின் வேலையைக் கேட்டு மனுக் கொடுத்தவர். மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். குமாஸ்தா கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டித் தேடினார்.

"ஒம்ம பேருல ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்காரர் பேரச் சொல்லும்."

"அவுக பேர நான் எப்படிய்யா வாயால சொல்லுவேன்?"

பட்டியலில் கணவர் பெயர் மட்டும்தான். இவர் பெயர் இருந்தது நான் விலக்கிய மனுவில். மறுநாள் அந்த வேலை வேறொருவருக்குப் போவதாக இருந்தது.

மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவருடையதைக் கண்டுபிடித்துக் குமாஸ்தாவிடம் காட்டினேன். குற்ற உணர்ச்சி தாங்காமல் வராந்தாவில் அவரிடம் முழுதும் விளக்கி மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கட்டும்யா. ஒங்கள ஃபேன் மாட்ட வந்தவுகன்னுல்லா நெனச்சேன்."